புளிப்பு எதுவுமே ஒத்துக்கொள்வதில்லை – இதோடு எப்படி வாழ்கிறீர்கள்?

மழைக்குருவி எழுதியது:

வணக்கம். தக்காளி, எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி, வினிகர், சோடா, காபி. இதில் எதைத் தொட்டாலும் எனக்கு ஏதாவது ஒரு தொல்லை வந்துவிடுகிறது. சில நாள் நாக்கு எரியும். சில நாள் சாப்பிட்டுப் படுத்ததும் நெஞ்சுக்குழியிலிருந்து கழுத்து வரைக்கும் காந்தும். காலையில் எழுந்தால் தொண்டை கரகரப்பு. பல் கூச்சம் வேறு, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுரீர் என்கிறது.

மருத்துவர் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். நெஞ்சு பரவாயில்லை. நாக்கும் பல்லும் அப்படியேதான் இருக்கின்றன. இணையத்தில் தேடினால் ஒரு பட்டியல் வாழைப்பழம் சாப்பிடு என்கிறது, இன்னொன்று கூடாது என்கிறது. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, இப்போது தைரியமாகச் சாப்பிட மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். வீட்டில் இருப்பவர்களுக்கு இது வீம்பாகத் தெரிகிறது. இதோடு வருடக்கணக்கில் வாழ்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

பொன்வண்டு:

பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். முதலில் எங்கே எரிகிறது என்று பாருங்கள்.

"புளிப்பு ஒத்துக்கல" என்று நாம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். நீங்கள் எழுதியதில் மட்டும் நாக்கு, பல், நெஞ்சு, தொண்டை என்று நாலு இடம் வந்திருக்கிறது. நாலுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம், வெவ்வேறாகவும் இருக்கலாம். மாத்திரைக்கு நெஞ்சு அடங்கி நாக்கு அடங்கவில்லை என்றால், நாக்கின் கதை வேறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எந்த இடம், எவ்வளவு நேரம் கழித்து. வாயில் வைத்த உடனே எரிகிறதா, விழுங்கும்போதா, படுத்த பிறகா? இந்த மூன்றில் எது என்பதை வைத்தே யாரிடம் போகவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

---

நடுநிசி விழிப்பு:

எனக்கு எதுக்களிப்பு நோய். நெஞ்செரிச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றவை எனக்குத் தெரியாது.

இரைப்பையில் நம் உடம்பே சுரக்கும் அமிலத்தின் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 1.5 முதல் 3.5 வரை இருக்கும். தக்காளி நாலுக்கு மேல். ஆக, தக்காளியை விடப் பல மடங்கு கடுமையான அமிலம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. அது இரைப்பையில் இருக்கும்வரை தொல்லை இல்லை. உணவுக்குழாயின் அடியில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது வேண்டாத நேரத்தில் தளரும்போதுதான் அமிலம் மேலே ஏறுகிறது. அதைத் தளர்த்துவதில் கொழுப்பு, சாக்லேட், மது, புதினா எண்ணெய் எல்லாம் பேர்பெற்றவை. இவற்றில் எதுவும் புளிப்பில்லை! நான் வருடக்கணக்கில் எலுமிச்சையை விரோதியாகப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு புதினா மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டுதான் படுப்பேன். அதை நிறுத்தியதும் வித்தியாசம் தெரிந்தது.

அதற்காகப் புளிப்பு குற்றமற்றது என்று சொல்லவில்லை. ஏற்கனவே புண்பட்ட குழாயில் ஆரஞ்சுச் சாறு இறங்கினால் எரியத்தான் செய்யும். ஆனால் ஒன்று: ஆரஞ்சுச் சாறு, தக்காளிச் சாறு இவற்றின் அமிலத்தைச் சமன்செய்து கொடுத்துப் பார்த்தபோதும் சிலருக்கு நெஞ்செரிச்சல் வந்தது என்று 1978-லேயே ஆய்வு வந்திருக்கிறது. அமிலம் மட்டுமே காரணம் இல்லை என்பதற்கு இது போதும்.

எனக்குப் பலன் கொடுத்தவை: கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவது (தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும், இன்னும் மோசம்). இடப்பக்கமாகப் படுப்பது. வயிறு முட்டச் சாப்பிடாமல் இருப்பது. இடுப்பை இறுக்காத உடை. இவ்வளவும் செய்த பிறகு பகலில் தக்காளி சாப்பிட முடிகிறது. ராத்திரியில் இன்னமும் தொடுவதில்லை.

---

வெண்பல்:

பல் மருத்துவத் துறையில் இருக்கிறேன். கூச்சத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பல்லின் மேலோடு எனாமல். வாயின் பிஎச் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்கும். அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் இன்னும் மென்மையானது, அதற்கு முன்னாலேயே கரையும். டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் இருக்கின்றன. மேலோடு தேய்ந்து அந்தக் குழல்கள் திறந்துகொண்டால், சூடு, குளிர், புளிப்பு, இனிப்பு எது பட்டாலும் உள்ளே இருக்கும் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. மழைக்குருவி சொன்ன 'சுரீர்' அதுதான். எனாமல் மறுபடி வளராது. அதனால் இருப்பதைக் காப்பதுதான் வேலை.

புளிப்பானதைச் சாப்பிட்ட உடனே பல் துலக்காதீர்கள். அமிலத்தில் மென்மையாகிப்போன மேற்பரப்பைப் பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். உமிழ்நீர் அந்த நேரத்தில் தாதுக்களைத் திருப்பி ஒட்டவைக்கும். ஒரு டம்ளர் ஜூஸை ஒரேயடியாகக் குடித்து முடிப்பதை விட, பாட்டிலை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒவ்வொரு மடக்காகக் குடிப்பது மிகக் கெடுதல். ஒவ்வொரு மடக்குக்கும் வாயில் அமிலம் புதிதாக ஏறுகிறது. உமிழ்நீருக்கு மூச்சுவிட நேரமே இல்லை.

உங்கள் பல் மருத்துவரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: தேய்மானம் பல்லின் எந்தப் பக்கம் இருக்கிறது? மேல் முன்பற்களின் உட்புறம், அதாவது அண்ணத்தைப் பார்த்த பக்கம் தேய்ந்திருந்தால், அமிலம் வயிற்றிலிருந்து வருகிறதோ என்று சந்தேகப்படவேண்டும். உதட்டுப் பக்கம் அதிகமாகத் தேய்ந்திருந்தால் குடிக்கும் பானத்தின் மேல் சந்தேகம் போகும். நெஞ்செரிச்சலே உணராதவர்களுக்குக்கூட எதுக்களிப்பு இருப்பதைப் பல்லைப் பார்த்து முதலில் கண்டுபிடித்தது உண்டு.

கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் அல்லது ஸ்டேனஸ் ஃப்ளோரைடு உள்ள பற்பசை நல்லது. பலன் தெரியச் சில வாரம் ஆகும், இரண்டு நாளில் விட்டுவிடாதீர்கள்.

---

தேன்சிட்டு:

எலுமிச்சை வெளியேதான் அமிலம். உடம்புக்குள்ளே போனால் காரமாக, அதாவது அமிலத்துக்கு எதிரானதாக, மாறிவிடும். நான் தினமும் காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கிறேன், எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. மழைக்குருவியும் முயன்று பார்க்கலாமே? ஆப்பிள் சிடர் வினிகரும் வயிற்று அமிலக் குறைபாட்டுக்கு நல்லது என்கிறார்கள்.

---

துலாக்கோல்:

தேன்சிட்டு, நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இந்த அறிவுரையால் அவருக்கு வலி வரும், அதனால் மறுத்தே ஆகவேண்டும்.

எலுமிச்சையின் சிட்ரேட்டை உடம்பு எரித்த பிறகு சிறுநீர் சற்றுக் காரத்தன்மை அடையும் என்பது உண்மை. சிறுநீரகக் கல் உள்ள சிலருக்கு அது உதவவும் செய்யும். ஆனால் அது நடப்பது செரிமானம் முடிந்த பிறகு. அதற்கு முன்னால் பல்லையும் நாக்கையும் தொண்டையையும் உணவுக்குழாயையும் அது அமிலமாகவேதான் கடக்கிறது. இவருக்கு எரிவது அந்த வழியில்தானே? ரத்தத்தின் பிஎச் 7.35-லிருந்து 7.45-க்குள் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. எந்தச் சாற்றாலும் அதைப் பெரிதாக நகர்த்த முடியாது.

பிஎச் பற்றி ஒரு வார்த்தை. ஸோரன்ஸன் 1909-இல் வகுத்த இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு. எலுமிச்சைச் சாறு 2-க்குச் சற்று மேலே, தக்காளி 4-க்குச் சற்று மேலே. வித்தியாசம் இரண்டு இல்லை, ஏறக்குறைய நூறு மடங்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு "தவிர்க்கவும்" என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாலில்லாத காபி ஏறக்குறைய 5 தான். அது தொல்லை கொடுப்பது பெரும்பாலும் அதன் புளிப்பால் இல்லை, வயிற்றில் அமிலச் சுரப்பைத் தூண்டுவதால்.

பிஎச் எண் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. கோலா பானத்தின் பிஎச் சுமார் 2.5, ஆரஞ்சுச் சாற்றுடையது 3.5-ஐ ஒட்டி. கோலாதான் கடுமை என்று தோன்றும். ஆனால் ஆரஞ்சுச் சாற்றில் மொத்த அமிலம் அதிகம், அதைச் சமன்செய்ய உமிழ்நீர் கூடுதலாக உழைக்கவேண்டும். அதனால்தான் சிலருக்குக் கோலா உடனே எரித்துவிட்டு அடங்கிவிடுகிறது, ஆரஞ்சு நெடுநேரம் நிற்கிறது.

---

நெறியாளர்:

காரத்தண்ணீர் இயந்திர விளம்பரம் ஒன்று நீக்கப்பட்டது. இந்த இழையில் விற்பனை வேண்டாம்.

---

கூழாங்கல்:

யாரும் சொல்லாத இடம் ஒன்று இருக்கிறது. சிறுநீர்ப்பை.

எனக்குப் புளிப்பும் காபியும் சாப்பிட்டால் வாயிலும் நெஞ்சிலும் ஒன்றுமே இல்லை. சில மணி நேரம் கழித்து அடிவயிறு வலிக்கும், நிமிடத்துக்கொரு தரம் சிறுநீர் முட்டும். கிருமித்தொற்று என்று ஆன்டிபயாடிக் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். சிறுநீரை வளர்ப்புப் பரிசோதனை செய்தபோது கிருமியே இல்லை. கடைசியில் சிறுநீர்ப்பை வலி நோய் என்றார்கள். பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு எத்தனையோ பேர் இப்படி இருக்கிறார்கள், அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆரஞ்சு, தக்காளி, காபி, சோடா, செயற்கை இனிப்பு, வைட்டமின் சி மாத்திரை இவையெல்லாம் வழக்கமான தூண்டுகோல்கள். கால்சியம் கிளிசரோஃபாஸ்பேட் என்று ஒரு பொடி, சாப்பாட்டில் தூவினால் அமிலத்தைக் குறைக்கும். எனக்கு ஓரளவு பலன் கொடுக்கிறது. எரிச்சலுக்குப் பயந்து தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். சிறுநீர் அடர்த்தியானால் எரிச்சல் இன்னும் கூடும்.

---

மழைக்குருவி:

கூழாங்கல் அக்கா, மனசு விட்டு எழுதியதற்கு நன்றி.

நோட்டுப் போட்டு எழுதினேன். பொன்வண்டு சொன்னது சரிதான் போல. நெஞ்சு காந்துவது ராத்திரியில்தான், அதுவும் புளிப்பை விட எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்ட நாட்களில். நாக்கு எரிவது மட்டும் புளிப்பு பட்ட நொடியே. கண்ணாடியில் பார்த்தால் நாக்கில் சிவப்புத் திட்டுகள், ஓரம் வெள்ளையாக. போன வாரம் இடப்பக்கம் இருந்தது, இப்போது நுனியில் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

---

வெண்பல்:

பயப்படாதீர்கள். இடம் மாறிக்கொண்டே இருக்கும் திட்டு, வெள்ளை ஓரம் என்றால், கேட்கும்போது வரைபட நாக்கு மாதிரித்தான் இருக்கிறது. மக்கள்தொகையில் 1 முதல் 3 சதவீதம் பேருக்கு இருக்கும். தொற்றாது, புற்றுநோய் இல்லை. திட்டு இருக்கும் இடத்தில் நாக்கின் மேலுள்ள நுண்முளைகள் உதிர்ந்திருப்பதால் புளிப்பும் காரமும் நேராக உறைக்கும். திட்டு மறைந்திருக்கும் நாட்களில் அதே பழத்தைச் சாப்பிட்டால் ஒன்றும் இருக்காது. ஆனாலும் நேரில் ஒருவர் பார்த்து உறுதி செய்யவேண்டும், திரையில் நான் சொல்வது போதாது. இடம் மாறாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் அது வேறு விஷயம், உடனே காட்டவேண்டும்.

நாக்கு எரிச்சலுக்கு இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் குறைவதும் காரணமாகலாம். அமிலம் குறைக்கும் மாத்திரையை நெடுங்காலம் எடுத்தால் பி12 உட்கிரகிப்பது குறையக்கூடும். ஆகவே ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது. சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத பற்பசைக்கு மாறிப் பாருங்கள். நுரை குறைவாக வரும், ஆனால் வாய்ப்புண் வருகிறவர்களில் சிலருக்கு எரிச்சல் குறைகிறது.

---

ஆலமரத்தடி:

எனக்கு ரொட்டியும் இறைச்சியும் நெஞ்சில் போய் நின்றுவிடும், தண்ணீர் குடித்துத்தான் தள்ளவேண்டும். புளிப்பும் எரியும். நானும் எதுக்களிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா உண்டு. மாத்திரை பெரிதாக வேலை செய்யவில்லை.

---

நடுநிசி விழிப்பு:

ஆலமரத்தடி, நீங்கள் இந்த இழையைப் படித்துக்கொண்டு இருக்கக்கூடாது, குடல்நோய் மருத்துவரிடம் நாள் வாங்கவேண்டும். விழுங்கும்போது நிற்பது, ஒவ்வாமை வரலாறு, மாத்திரைக்கு அடங்காதது, இவை மூன்றும் சேர்ந்தால் ஈசினோஃபில் உணவுக்குழாய் அழற்சியா (ஒவ்வாமையால் உணவுக்குழாய் அழலும் நோய்) என்று பார்ப்பார்கள். எண்டோஸ்கோபியில் குழாய் பார்க்க நன்றாகவே இருந்தாலும் திசு எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். உணவு சிக்கி எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போனால் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

எல்லோருக்கும்: விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், இவற்றோடு எரிச்சல் இருந்தால் உணவை மாற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். நெஞ்செரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், தோள்பட்டை அல்லது தாடைக்குப் பரவும் வலி வந்தால் அது இதயமாக இருக்கலாம்.

---

சிறுவிறகு:

சமையலில் எனக்கிருக்கும் அக்கறையால் வருகிறேன். விலக்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், தட்டில் என்ன வைப்பது?

தக்காளி தரும் நிறமும் இனிப்பும் வேண்டும், புளிப்பு வேண்டாம் என்றால் சிவப்புக் குடைமிளகாயைத் தீயில் சுட்டுத் தோலுரித்து, வதக்கிய காரட்டோடு அரையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் தக்காளி இல்லை என்பது தெரியும், ஆனால் குறையாகத் தெரியாது. தக்காளியே வேண்டுமென்றால் கொதிக்கும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா. நுரைத்துப் பொங்கி அடங்கும், அமிலம் நிஜமாகவே குறையும். சர்க்கரை போட்டால் புளிப்பு நாக்குக்குத்தான் மறையும், அமிலம் அப்படியே இருக்கும். ஒரு எச்சரிக்கை: சோடா போட்ட தக்காளியைப் பாட்டிலில் அடைத்து வெளியே சேமிக்காதீர்கள். பிஎச் 4.6-க்கு மேல் போனால் காற்றுப் புகாத பாட்டிலில் நச்சுக் கிருமி வளர இடம் கிடைத்துவிடும். அன்றே சாப்பிட்டுத் தீர்ப்பதற்கு மட்டும்.

வைட்டமின் சி போய்விடுமே என்று பயப்படவும் வேண்டாம். 100 கிராம் ஆரஞ்சில் சுமார் 53 மி.கி. கொய்யாவில் 228 வரை, சிவப்புக் குடைமிளகாயில் 128 வரை இருக்கிறது. பூக்கோசிலும் ப்ரோக்கோலியிலும் நிறைய உண்டு.

பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். அங்கே சேர்பொருள் எண் 330 என்றால் சிட்ரிக் அமிலம், 338 பாஸ்பாரிக், 296 மாலிக், 260 அசிட்டிக். புளிக்காத இனிப்புப் பானங்களிலும் பழ வாசனைத் தண்ணீரிலும் 330 ஒளிந்திருக்கும். "நான் புளிப்பே தொடவில்லையே, ஏன் எரிகிறது" என்பதற்குப் பலமுறை இதுதான் பதில்.

---

தேன்சிட்டு:

சமையல் சோடாவைத் தண்ணீரில் கலந்து குடித்தால் நெஞ்செரிச்சல் உடனே போகும் என்று என் மாமா செய்வார். அது சரியா?

---

துலாக்கோல்:

போகும், ஆனால் வழக்கமாக்கக்கூடாது. ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 1,200 மி.கி. சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்சவரம்பே 2,000-க்குக் கீழ்தான். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அதைக் குடித்து, கிளம்பிய வாயுவால் இரைப்பையே கிழிந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான், ஆனாலும் மாமாவிடம் சொல்லுங்கள். எப்போதாவது வரும் எரிச்சலுக்கு ஆல்ஜினேட் கலந்த திரவம் இருக்கிறது. அது வயிற்றில் உள்ளதன் மேல் மிதந்து ஒரு படலமாக நின்று மேலே ஏறவிடாமல் தடுக்கும்.

---

பொன்வண்டு:

// வீட்டில் இருப்பவர்களுக்கு இது வீம்பாகத் தெரிகிறது //

இதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அமிலத்தின் அளவு எல்லோரையும் போல இருந்தும், உணவுக்குழாயின் நரம்புகள் அதைப் பல மடங்காக உணர்வது மருத்துவம் ஒப்புக்கொண்ட ஒரு நிலை. 2016-இல் வெளியான ரோம் 4 என்ற செரிமானக் கோளாறுகளின் வகைப்பாட்டில் அதற்கு எதுக்களிப்பு மிகையுணர்ச்சி என்று தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை, ஆகவே உனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 24 மணி நேர பிஎச் சோதனையில்தான் அது தெரியவரும். நரம்பின் உணர்ச்சியைத் தணிக்க மருந்து உண்டு, வயிற்றால் மூச்சுவிடும் பயிற்சியும் சிலருக்கு உதவுகிறது. இதை வீட்டில் படித்துக் காட்டுங்கள். வலியை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வலியை விடப் பெரிய சுமை.

---

மழைக்குருவி:

படித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தனியாக எனக்கு எடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறார்.

இரண்டு கேள்விகள். மாத்திரையை நானாக நிறுத்தலாமா? விலக்கிய உணவுகளை எப்படித் திரும்பச் சேர்ப்பது?

---

நடுநிசி விழிப்பு:

நீங்களாக நிறுத்தவேண்டாம். பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகையை நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென்று விட்டால், அடக்கி வைத்த சுரப்பு சில வாரம் முன்னைவிட அதிகமாகப் பாயும். அதைப் பார்த்து "நோய் போகவில்லை" என்று மறுபடி மாத்திரைக்கே போய்விடுவோம். மருத்துவரிடம் சொல்லி அளவைப் படிப்படியாகக் குறையுங்கள். எடுக்கும் வரைக்கும் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் எடுங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் பாதிப் பலன்தான்.

---

பொன்வண்டு:

திரும்பச் சேர்ப்பதற்கு என் முறை: ஒரு நேரத்தில் ஒரே ஒரு உணவு. நாக்கில் திட்டு இல்லாத நாளாகப் பாருங்கள். மதியச் சாப்பாட்டின் நடுவில், வெறும் வயிற்றில் இல்லாமல், இரண்டு ஸ்பூன். மூன்று நாள் அதே அளவு. ஒன்றும் இல்லையென்றால் கூட்டுங்கள், எரிந்தால் நிறுத்திவிட்டு அடங்கியதும் அடுத்ததற்குப் போங்கள். அமிலம் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்: வேகவைத்த தக்காளி, நன்றாகப் பழுத்த மாம்பழம், பிறகு ஆரஞ்சுச் சுளை. சாறாக வேண்டாம், சுளையாக. எலுமிச்சையும் வினிகரும் கடைசியில்.

---

மழைக்குருவி:

வேகவைத்த தக்காளியில் தொடங்குகிறேன். பல் மருத்துவரிடம் அடுத்த வாரம் நாள் கிடைத்திருக்கிறது. உட்புறமா வெளிப்புறமா என்று கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். ஆலமரத்தடி, நீங்கள் நாள் வாங்கிவிட்டீர்களா?

---

ஆலமரத்தடி:

வாங்கிவிட்டேன். திசு எடுப்பார்களா என்று கேட்டேன், எடுப்போம் என்றார்கள்.